துண்டு முதல் தகைமைச் சான்றிதழ் வரை: ஊவாத் தோட்டங்களில் தொழிலறிவின் வரலாறு

பதுளைத் தூண்சாசனம் என அறிஞர் வழங்கும் சிங்களச் சாசனமொன்று ஊவா நாட்டின் பழைய வரலாற்றுச் சான்றுகளுள் முதன்மை வாய்ந்தது. மகியங்கனைப் பகுதியிற் கிடைத்துப் பிற்காலத்திற் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட இத்தூண், கி. பி. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ஹோப்பிட்டிகம என்னும் சந்தையின் வணிகரும் குடிகளும், அதிகாரிகள் முறைகடந்து பொருள் அறவிடுகின்றனர் என அரசனிடம் முறையிட்டனர். அம்முறையீட்டின் பயனாகச் சந்தைக்குரிய ஒழுங்குகள் கல்லிலே பொறிக்கப்பட்டன. ஓர் அதிகாரியின் வாய்ச்சொல்லில் தங்கியிருந்த நெறி, யாவரும் கண்டு எடுத்துக்காட்டத்தக்க பொது அளவாயிற்று. ஏறத்தாழ அதே நூற்றாண்டிலே தொண்டை நாட்டு உத்தரமேரூரிலும், வாரியங்களுக்குத் தெரிவுசெய்யப்படுவோர்க்கு வேண்டிய வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகள் கோயிற் சுவரில் எழுதப்பட்டன.

தகுதி என்பது எழுத்தில் அமைந்து எவ்விடத்தும் செல்லுபடியாகும்போதே அதனை உடையவர்க்கு அரணாகின்றது. இவ்வுண்மையை இக்காலத்தில் நிலைநாட்ட முற்படுவதே தேசிய தகைமைச் சட்டகம் எனப்படும் ஏற்பாடு. பாடசாலை, தொழிற்பயிற்சி நிலையம், பல்கலைக்கழகம், தொழில்வாண்மைக் கழகம் ஆகியவை வழங்கும் சான்றிதழ்களை ஒரே ஏணியின் படிகளில் வைத்து, எது எதற்கு நிகர், எதிலிருந்து எதற்கு ஏறலாம் என அது காட்டுகின்றது. இவ்வேற்பாட்டின் தேவையை விளக்குதற்கு ஊவாவின் தேயிலைத் தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் இலங்கையில் அரிது. ஒன்றரை நூற்றாண்டாக அங்கே இலைக்குத் தரம் எழுதப்பட்டது; தொழிலாளியின் கடனும் எழுதப்பட்டது; தொழிலாளியின் அறிவு மாத்திரம் எழுதப்படாமலே நின்றது.

இலைக்குக் கிடைத்த தரம்

ஊவா 1886-ஆம் ஆண்டில் தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்கு முன்னரே இம்மலைகளிற் கோப்பிப் பயிர் பரவியிருந்தது. 1869-இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிப் பகுதியின் லூல்கந்துரையில் வணிக முறையிற் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890-இல் ஹப்புத்தளைப் பகுதித் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். புகையிரதம் 1894-இல் பண்டாரவளையையும் 1924-இல் பதுளையையும் அடைந்தது. பசறை, நமுனுகுல, லுணுகலை, மடூல்சீமை, ஹாலிஎல, தெமோதரை என்னும் ஊர்ப்பெயர்கள் தேயிலை வணிகர் நாவில் வழங்கலாயின.

ஊவாத் தேயிலையின் சிறப்பு காற்றினால் வருவது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைக்கும் ஆடி, ஆவணி மாதங்களில், மலைக்கு இப்பாலுள்ள ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்று வீசும். கொழுந்து குறையும், ஆனால் மணம் மிகும். அம்மணத்தை இழவாமற் கோப்பைவரை கொண்டு சேர்ப்பது கைத்திறனும் கண்திறனும் ஆகும். மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்த்து, முற்றிய இலையை விலக்கிக் கொழுந்தை மாத்திரம் கிள்ளும் பெண்ணின் விரலுக்கு ஓர் அறிவுண்டு. எந்தக் கிளையை எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் வெட்டினாற் செடி மீண்டும் தழைக்கும் என்பது கவ்வாத்து வெட்டுவோன் அறிந்தது. அன்றைய காற்றின் ஈரத்தை உணர்ந்து, வாட்டத்தின் அளவையும் அரைப்பின் நேரத்தையும் மாற்றுபவர் டீமேக்கர். இவை யாவும் நூலிற் படித்தறியாமல், பழகி அறிந்தவை.

கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883-இல் நடைபெற்றது. அன்றிலிருந்து தோட்டத்தின் பெயரும் பி. ஓ. பி., டஸ்ட் முதலான தரக்குறிகளும் பெட்டியிலே பொறிக்கப்பட்டு, கொழும்பிலும் இலண்டனிலும் ஒரே பொருளில் விளங்கின. ஹப்புத்தளையிற் கட்டிய பெட்டியைக் காணாமலே, அதன் தரக்குறியைக்கொண்டு வணிகர் விலை பேசினர். ஆனால் அப்பெட்டியை நிரப்பிய கைக்கு எத்தரம் என்று தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஒருவரும் அறியார்.

தொழிலாளிக்குக் கிடைத்த எழுத்து

தொழிலாளியின் கையில் ஓர் எழுத்தும் இருந்ததில்லை என்று கூறுதல் பொருந்தாது. எழுத்து இருந்தது, அது சொன்ன செய்தியே வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வருவோர் தகரச் சீட்டொன்றை அணிந்து வந்தனர். தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் வெட்டப்பட்டிருந்தன. தோட்டத்துக்கு வந்தபின் செக்ரோலிற் பெயர் பதியப்பட்டது. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குச் சென்றவர்க்கு ஒரு ‘பேர்’. வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒருவனது உழைப்பு அவன் பெயராலேயே எண்ணப்பட்டது. எவ்வகைத் திறத்தோடு உழைத்தான் என்பது அவ்வேட்டில் இடம்பெறவில்லை.

இவற்றுள் மிகக் கொடியது ‘துண்டு’ ஆகும். தொழிலாளர் ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டின், தோட்டத்துரை ஒப்பமிட்ட துண்டு வேண்டும். இன்ன தொகைக் கடன் தீர்க்கப்படின் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்பது அதன் கருத்து. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை அங்கே புதுக்கடனாய்ப் பதியும். கங்காணியின் கீழ்ப்பட்ட குழு முழுவதும் இவ்வாறு கடனோடு கைமாறியது. ஏனைய தொழில்களில் ஒருவன் இடம் மாறும்போது அவன் ஆற்றலைக் கூறும் கடிதம் உடன் செல்லும். தோட்டத்தில் உடன் சென்றது அவன் பட்ட கடனைக் கூறும் கடிதம். 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தீயதொன்று நீங்கியது உண்மை. எனினும் அதன் இடத்தில் நல்லதோர் எழுத்து வந்து அமையவில்லை.

1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் அடுத்த படியாகும். அது தொழிலாளரை ஆண், பெண், சிறுவர் என வகுத்து வேதனம் விதித்தது. பயின்றோர், பயிலாதோர் என்ற வேறுபாட்டுக்கு அங்கே இடமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாவதற்கு 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டமும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைத்திறனை நெடுங்காலம் அளக்கத்தக்க பொருளாகக் கருதவில்லை.

கல்வியின் நிலையும் இதனையே காட்டும். 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டங்களின்மேல் வைத்தது. பெரும்பாலும் ஓராசிரியர் நடத்திய அப்பள்ளிகள் எழுத்தறிவின் வாயிலோடு நின்றன. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியமையால், அரச சேவையும் பல பயிற்சி வாய்ப்புகளும் எட்டாதனவாயின. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குச் சென்றன. எஞ்சியோரின் உரிமைக்குறை 2003-ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெரிதும் தீர்ந்தது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1977-இன் பின்னரே வலுப்பெற்றது. ஆகவே, பள்ளிச் சான்றிதழ் வழியாகத் தகுதி காட்டும் பாதை மூன்று தலைமுறைக்கு அடைபட்டிருந்தது.

துரைமார் கழகங்களும் தனித்தனி ஏணிகளும்

இதே காலத்தில் தோட்ட நிருவாகத்தின் மேற்றட்டில் நிலை வேறாயிருந்தது. சின்னத்துரையாக வந்த இளைஞர் பெரியதுரையின் கீழ்ப் பழகித் தொழில் கற்றனர். தோட்ட உடைமையாளரின் சங்கம் 1854-இலேயே கண்டியில் நிறுவப்பட்டது. தோட்ட அதிகாரிகளின் சங்கம் 1936-இல் எழுந்தது. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925-இல் தோன்றிப் பின்னர்த் தலவாக்கலையில் நிலைபெற்றது. பசறையிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. கணக்காளருக்குரிய பட்டயக் கழகம் 1959-இற் சட்டத்தால் அமைந்தது. தோட்டங்கள் 1972, 1975-ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுடைமையானபின், அவற்றை நடத்துவோரைப் பயிற்றும் பொருட்டுத் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் 1979-இல் உருவாக்கப்பட்டது.

தொழில்வாண்மைக் கழகங்கள் ஆற்றிய பணி சிறிதன்று. தொழிலின் நுணுக்கத்தை நன்கு அறிந்தோரே பாடத்தை வகுத்தனர்; அவர்களே பரீட்சித்தனர். ஒழுக்க விதிகளும் அவர்களாலே காக்கப்பட்டன. ஆயினும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கழகமும் தனக்கென ஓர் ஏணியை நிறுத்திக்கொண்டது; ஓர் ஏணியிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கப் பாலம் இல்லை. தோட்ட முகாமைத்துவத்திற் சான்றிதழ் பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் பல்கலைக்கழக வாயிலில் மீண்டும் முதற்படியில் நிற்க வேண்டியவரானார். ஏணியின் அடிப்படியும் நிலத்திலிருந்து மிக உயர்ந்திருந்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்க்கும் கொழுந்துக்கூடை சுமந்தவர்க்கும் கால் வைக்க அங்கே படியே இல்லை.

உலகநாடுகளின் அனுபவம்

இக்குறை இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. நியூசீலந்து 1990-இல் இதற்கென ஓர் அதிகாரசபையை நிறுவி, எல்லாக் கல்வியையும் ஒரே வகைச் சிற்றலகுகளாகப் பிரிக்க முற்பட்டது. பல்கலைக்கழகங்கள் அதனை எதிர்த்தன. திட்டம் தளர்த்தப்பட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் ஓரச்சில் வார்க்க முனைவது பயன்தராது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

ஜேம்ஸ் டெயிலரையும் லிப்டனையும் இலங்கைக்கு அனுப்பிய ஸ்கொட்லாந்து வேறு வழியிற் சென்றது. 2001-இல் வெளிவந்த அதன் சட்டகம் பன்னிரு நிலைகளை உடையது. தொழில்வாண்மைக் கழகம் தன் பாடத்தையும் பரீட்சையையும் தானே வைத்திருக்கலாம். அத்தகைமை எந்நிலைக்குரியது, எத்தனை மதிப்பலகு பெறும் என்பது மாத்திரம் பொது அளவால் நிறுக்கப்படும். 1875-இல் தோன்றிய ஸ்கொட்லாந்து வங்கியாளர் நிறுவகம் அவ்வாறு நிறுக்கும் அதிகாரத்தையே பெற்றது. கழகத்தின் தன்னாட்சியும் நாட்டின் பொது அளவும் ஒருங்கே வாழலாம் என்பதற்கு இது சான்று.

ஊவாவுக்கு மிக அணுக்கமான எடுத்துக்காட்டு தென்னாபிரிக்காவாகும். நிறவேற்றுமை ஆட்சியிலே கறுப்பினத் தொழிலாளர் இயந்திரங்களை நன்கு இயக்க அறிந்திருந்தும் சான்றிதழ் இன்றி ‘திறனற்றோர்’ எனக் கூலி பெற்றனர். தொழிற்சங்கங்கள் இதனை உரிமைக் கோரிக்கையாக எழுப்பின. 1995-ஆம் ஆண்டின் சட்டம் தேசிய தகைமை அதிகாரசபையை நிறுவியது. 2008-ஆம் ஆண்டின் சட்டம் தொழில்வாண்மைக் கழகங்களை அங்கீகரிக்கும் பொறுப்பையும், அவை வழங்கும் தொழிற்பட்டங்களைச் சட்டகத்திற் பதியும் பொறுப்பையும் அதற்கு அளித்தது. அனுபவத்தாற் பெற்ற அறிவை மதிப்பிட்டு ஏற்கும் முறை ஆங்கு நீதியின் பகுதியாகக் கருதப்பட்டது.

இலங்கையின் இரு சட்டகங்கள்

இலங்கையில் 1990-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. அதன் வழியாக 2004-இல் தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் அறிமுகமாயிற்று. அது ஏழு நிலைகளை உடையது. முதல் நான்கு நிலைகள் சான்றிதழுக்குரியன. ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்குரியன. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. 2012-இல் உயர்கல்வித் துறையினர் பன்னிரு நிலைகொண்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தை வெளியிட்டனர். 2015-இல் அது திருத்தியமைக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே பாலமும் அமைக்கப்பட்டது. தொழிற்றகைமையின் ஐந்தாம் நிலை மற்றையதன் மூன்றாம் நிலைக்கும், ஆறாம் நிலை நான்காம் நிலைக்கும், ஏழாம் நிலை ஐந்தாம் நிலைக்கும் ஒப்பிடப்பட்டன. ஐம்பது மணிநேரக் கற்றல் ஒரு மதிப்பலகு என்பது அளவு.

ஒரு கழகத்தின் தகைமையை இவ்வேணியில் வைத்தற்கு மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். முதலாவது, தகைமை பெற்றவர் எவற்றைச் செய்ய வல்லவர் என்பது. எத்தனை ஆண்டு படித்தார், எந்நூலைப் படித்தார் என்பன இதற்கு விடையாகா. இரண்டாவது, அதனைக் கற்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது. மூன்றாவது, கழகத்தின் மதிப்பீட்டை வெளியார் ஒருவர் சரிபார்க்க இயலுமா என்பது. இம்மூன்றாவதிலேயே கழகங்கள் தயங்குவதுண்டு. தம் பரீட்சையின் கடுமை தளர்ந்துவிடும் என்றும், தம் பெயரின் மதிப்பு பொதுப்படியிற் கரைந்துவிடும் என்றும் அவை அஞ்சும். அவ்வச்சம் முற்றும் அடிப்படையற்றதன்று. பரீட்சகரின் தரம் தாழ்ந்தாற் படியின் பெயர் மாத்திரம் எஞ்சும். ஆயினும் பிறர் நிறுத்துப் பார்க்க இசையாத தராசின்மேற் சந்தையில் நெடுங்காலம் நம்பிக்கை நிலைப்பதில்லை.

தொழிற்றகைமைச் சட்டகத்தில் மற்றொரு வாயிலும் உண்டு. அது முன்கற்றலை அங்கீகரித்தல் எனப்படும். பயிற்சி வகுப்புக்குச் செல்லாதவரும் தம் வேலைக்குரிய சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டித் தகைமை பெறலாம். இருபது ஆண்டு கவ்வாத்து வெட்டியவர் ஒருவர் வெட்டிய செடியே அவர் எழுதிய விடைத்தாள். செக்ரோல் ஏட்டின் பழைய பக்கங்களும் அவர்க்குச் சான்றாகும். கடனையும் பேரையும் எண்ணிய ஏடு, முதன்முறையாகத் திறமைக்குச் சாட்சி கூறும் ஏடாக மாறுவது இவ்விடத்திலேயே ஆகும்.

பதுளையின் வாயிலில்

இன்று பதுளை மாவட்டத்தில் இதற்குரிய உறுப்புகள் பல உள்ளன. பசறையில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. 2005-இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படலாயிற்று. தொழிற்றகைமை வழியே வருவோர்க்கு 2008-ஆம் ஆண்டின் 31-ஆம் இலக்கச் சட்டம் தொழினுட்பவியற் பல்கலைக்கழகமொன்றைத் திறந்துவைத்தது. பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் போன்ற அமைப்புகளின் தகைமைகள் இவற்றுக்கு இடைப்பட்ட படிகளாய் நிற்க வல்லவை. உறுப்புகளை இணைக்கும் மூட்டுகளே நாட்டின் கவனத்தை வேண்டி நிற்கின்றன.

அம்மூட்டுகள் மூன்று. தொழில்வாண்மைக் கழகங்களின் ஒவ்வொரு தகைமையும் எந்நிலைக்குரியது என்பது ஐயமின்றி அச்சிடப்பட்டு, அடுத்த நிலையின் வாயிலில் ஏற்கப்படல் வேண்டும், இஃது முதலாவது. அடிப்படிகள் தோட்டத்து நிலத்தைத் தொடல் வேண்டும். கொழுந்து பறித்தல், கவ்வாத்து, நாற்றுமேடை, தொழிற்சாலை வேலை ஆகியவற்றைச் செய்வோர் தம் வேலைத்தலத்திலேயே மதிப்பிடப்படல் இரண்டாவது. மதிப்பீடு தமிழில் நடைபெறுதல் மூன்றாவது. கையறிந்த வேலையை அறியாத மொழியில் விளக்கச் சொல்வது வேலையறிவை அளப்பதாகாது. இம்மூன்றும் இல்லாதவழிச் சட்டகம், முன்னரே படிகளில் நின்றோர்க்குப் புதிய பெயர் சூட்டும் ஏற்பாடாய் முடியும்.

சான்றிதழ் ஒன்றினால் மாத்திரம் கூலி உயராது என்பார் உளர். அதுவும் உண்மையே. லயத்தின் கூரையையும் நாட்கூலியையும் ஏடு திருத்திவிடாது. அவற்றுக்கு வேறு முயற்சிகள் வேண்டும். ஆயினும், கொழும்புக் கடைகளுக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்லும் ஊவா இளைஞர், பெற்றோரின் நூற்றாண்டுத் தொழிலறிவை ஒரு மதிப்புமற்றதெனக் கைவிட்டே செல்கின்றனர். அத்தொழிலைக் கற்றோர்க்குப் படியும் பெயரும் மேலேறும் வழியும் உண்டு என்ற நிலை வருமாயின், தங்குவோர் மதிப்போடு தங்குவர். செல்வோரும் கையில் ஒன்றோடு செல்வர்.

ஹோப்பிட்டிகமச் சந்தையின் குடிகள் வேண்டியது சலுகையன்று. யாவரும் காணத்தக்க பொது அளவையே வேண்டினர். ஊவாத் தோட்டங்களின் மக்களுக்கு உரியதும் அதுவே. 1921-க்கு முன்னர்த் தோட்டத்து வாயிலைக் கடந்த தொழிலாளியின் கையிலிருந்த துண்டு, அவர் எவ்வளவு கடன்பட்டவர் என்று கூறியது. அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதே வாயிலைக் கடக்கும்போது, எவ்வளவு அறிந்தவர் என்று கூறும் எழுத்தொன்று அவர்கள் கையில் இருத்தல் வேண்டும்.